வாயில் ஊறுகாய் ருசி

நவம்பர் 3, திங்கள்

இன்று டாக்டரிடம் நான் சொல்லாதது: நேற்று மதியம் மூன்று மணிக்குத் தூங்கி எழுந்தபோது என் வாயில் மாங்காய் ஊறுகாய் ருசி இருந்தது. நான் ஊறுகாய் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது.

சொல்லியிருக்கலாம். பால் பண்ணை ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் மருத்துவப் பரிசோதனை அது. டாக்டர் மெஹருன்னிசா அவசரப்படாமல் கேட்கிற மனுஷி.

"தூக்கம்?"

"நல்லா தூங்குறேன் டாக்டர்."

"சாப்பாடு?"

"நல்லா சாப்பிடுறேன்."

"நைட் ஷிப்ட்?"

"பழகிடுச்சு."

படிவத்தில் மூன்று டிக் போட்டார். பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாமே நல்லாருக்குன்னா நான் எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கேன்?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

ஏழு மாதமாக எனக்கு மூன்று வாரம் இரவு ஷிப்ட், ஒரு வாரம் பகல் ஷிப்ட். இன்று முதல் பகல் வாரம். இரவு வாரங்களில் பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை ஆய்வகத்தில் இருப்பேன். ஊர் ஊராகச் சேர்த்த பால் டேங்கர் லாரிகளில் வரும். மூடியில் உள்ள சீல் எண்ணைச் சரிபார்த்து, மாதிரி எடுத்து, சோதித்து, நல்லது என்று எழுதினால்தான் அந்தப் பால் உள்ளே போகும். பொறுப்பை ஒப்படைத்து, பஸ் பிடித்து, எட்டு மணிக்கு விடுதிக்கு வந்து படுத்தால் மூன்று மணிக்கு எழுவேன். கேன்டீனில் இரவு ஒரு மணிக்குச் சாப்பாடு உண்டு. என் டோக்கனை பாய்லர் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனுக்குக் கொடுத்துவிடுவேன். எனக்குப் பசிப்பதில்லை. இதைக் கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்.

நவம்பர் 5, புதன்

போர்வை துவைத்தேன். மழையில் காயவில்லை. மாடிப்படிக் கைப்பிடியில் போட்டதற்கு வார்டன் பூங்கோதை மேடம் திட்டினார்.

தடித்த ருஷ்ய நாவல் ஒன்றைப் பாதி முடித்திருக்கிறேன். நாவல்களில் சாப்பாடு வரும் இடங்களை மட்டும் பென்சிலால் கோடிடுவது என் பழக்கம். மற்றவர்கள் தத்துவத்துக்குக் கோடு போடுவார்கள். இந்த நாவலில் ஒரு மனிதன் சாகக் கிடக்கிறான், அடுத்த அறையில் முட்டைக்கோஸ் சூப்பும் காளான் பணியாரமும் பரிமாறுகிறார்கள். சூப்புக்கு இரட்டைக் கோடு போட்டேன்.

அம்மா போனில் வழக்கம்போல "என்னடி, சாப்பிட்டியா?" என்றாள். "ஆச்சும்மா" என்றேன்.

நவம்பர் 8, சனி

என் அறைத்தோழி ஜெசிந்தாவுக்கு நாகர்கோவிலிலிருந்து பார்சல் வந்தது. அவள் வங்கியில் வேலை பார்க்கிறாள். அவளுடைய அம்மா ஒரு பெரிய டின் நிறைய முந்திரிக்கொத்து அனுப்பியிருக்கிறார். வறுத்த பயற்றை வெல்லப்பாகில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தது. பெயரில் முந்திரி உண்டு, உள்ளே கிடையாது.

"நாப்பது எண்ணி வச்சிருக்கா எங்கம்ம. எட்டி வசு, ஒண்ணு தின்னு பாரு."

"வேணாம் ஜெசி. பசியில்ல."

"பசிக்கா திங்கியாவ இத? நாக்குக்கு திங்கியது."

வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "மோந்து பாக்கியதுக்கு இதென்ன மல்லியப்பூவாட்டி?" என்றாள்.

எறும்பு வரும் என்பதால் அறையில் தின்பண்டம் வைக்கக் கூடாது. கீழே சாப்பாட்டு அறை அலமாரியில்தான் எல்லோருடைய டப்பாக்களும் இருக்கும். ஜெசி டின்னின் மேல் பெயர் எழுதி ஒட்டினாள். பெயருக்குக் கீழே 'தொட்டால் கை அழுகிப்போகும்' என்றும் எழுதினாள். காரணம் இருக்கிறது. ஒன்றரை மாதமாக அந்த அலமாரியில் யாரோ கை வைக்கிறார்கள். ஒரு நாள் சத்துமாவில் மாங்காய் ஊறுகாய் போட்டுப் பிசைந்து தின்றிருந்தார்கள். இன்னொரு நாள் வெண்ணெயை அப்படியே வழித்து, மேலே இட்லிப் பொடி தூவி. விடுதியில் எல்லோருக்கும் திருட்டைவிட அந்த ருசிதான் அதிர்ச்சி.

நவம்பர் 11, செவ்வாய்

மறுபடி இரவு ஷிப்ட். என் தலையணையில் எறும்பு. ஏன் என்று தெரியவில்லை. நாங்கள் அறையில் எதுவும் வைப்பதில்லை.

நவம்பர் 13, வியாழன்

டின்னில் முப்பத்திரண்டு. ஜெசி தின்றது மூன்று.

நவம்பர் 16, ஞாயிறு

மாலை வார்டன் கூட்டம் போட்டார். பதினாறு பெண்கள், சமையல் பார்க்கும் பாவாயக்கா.

"பகல்ல இந்த வீட்ல யாரு இருக்கறது? அத மொதல்ல சொல்லுங்க," என்றார் பூங்கோதை மேடம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். "அவளா! அவ முழுசா ஒரு தோசை தின்னு நான் பாத்ததில்ல மேடம்," என்றாள் ஜெசி. "அவ கேன்டீன் டோக்கனையே தானம் பண்ணுதவ."

எனக்கு அது பாராட்டு மாதிரி இருந்தது.

அடுத்து எல்லோரும் பாவாயக்காவைப் பார்த்தார்கள். அப்போது யாரும் சிரிக்கவில்லை.

பாவாயக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். பேச ஆள் இல்லாவிட்டால் கிரைண்டரோடு பேசுவார். முன்பெல்லாம் சமைத்து முடித்துப் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய் மூன்றரைக்குத் திரும்பி வருவார். ஒரு மாதமாகப் போவதில்லை. ஏன் என்று வார்டன் கேட்டதற்கு, "சும்மாதானுங்" என்றார்.

வார்டன் என் பக்கம் திரும்பினார். "வசுமதி, நீ லேப்ல வேலை பாக்கற புள்ள. பகல்ல இங்கயே இருக்கறே. நீதான் இதக் கண்டுபுடிக்கோணும். மாசக் கடைசிக்குள்ள தெரிஞ்சாகோணும். இல்லைன்னா சமையலுக்கு வேற ஆள் பாத்துருவேன்."

எனக்குப் பதவி கிடைத்தது. இரவு ஆய்வகத்தில், டேங்கர் வராத நேரத்தில், ஒரு அட்டவணை போட்டேன். என்ன காணோம், எந்தத் தேதி, எந்தக் கிழமை. ஒன்று விசித்திரம். அக்டோபர் 6 முதல் 12 வரை எதுவும் காணாமல் போகவில்லை. நவம்பர் 3 முதல் 9 வரையும் இல்லை. இரண்டும் எனக்குப் பகல் ஷிப்ட் இருந்த வாரங்கள். வீட்டில் துணைக்கு ஆள் இல்லாததால் திருடிக்கு அலுத்துப்போயிருக்கும்.

நவம்பர் 18, செவ்வாய்

திட்டம் தயார்.

ஆய்வகத்தில் ஒரு சோதனை உண்டு. பாலில் இரண்டு சொட்டு நீலச் சாயம் விட்டு, வெந்நீரில் வைத்து, நீலம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்போம். பாலில் கிருமி அதிகம் என்றால் நீலம் சீக்கிரம் வெளுத்துவிடும். நல்ல பால் நீலத்தை நெடுநேரம் வைத்துக்கொள்ளும். இந்தச் சாயம் தோலில் பட்டால் லேசில் போகாது. எங்கள் மேசையில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களை விரலை வைத்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம்.

காலாவதியாகி, கொட்டுவதற்காக ஒதுக்கி வைத்திருந்த புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து வந்தேன். காலையில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு ஜெசியின் டின் மூடிக்கு வெளிப்புறம், விளிம்புக்கு அடியில், பஞ்சால் தடவினேன். கையுறை போட்டுக்கொண்டேன். தின்பண்டத்தில் படாது. மூடியைத் திறக்கிறவள் விரலில் மட்டும் படும். வங்கியில் இருந்த ஜெசியிடம் மட்டும் போனில் ரகசியமாகச் சொல்லி வைத்தேன்.

"எட்டி, நீ பெரிய சி.ஐ.டி. தான்," என்றாள்.

இதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சந்தோஷமாகத் தூங்கினேன்.

நவம்பர் 20, வியாழன்

மூன்று பத்துக்கு எழுந்தேன். கீழே போனேன். டின்னில் நான்கு குறைவு. மூடியின் விளிம்பில் சாயம் இழுத்திருந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள்.

நேராகச் சமையலறைக்குப் போனேன்.

"அக்கா, கையக் காட்டுங்க."

"கைரேகை பாக்கறயா கண்ணு? என்ற ஊட்டுக்காரன் எப்பத் திருந்துவான்னு பாத்துச் சொல்லு."

இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். மஞ்சள் இருந்தது, வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. நீலம் இல்லை.

அவர் என் கையைப் பார்த்தார். தட்டை எடுத்து எனக்குச் சாப்பாடு போட்டார். தினமும் நாலு மணிக்கு எனக்கென்று தனியாக எடுத்து வைப்பார். இரண்டு வாய் சாப்பிட்டேன். தட்டை மூடி வைத்துவிட்டு வந்தேன்.

என் வலது கையில் மூன்று விரல்கள் நீலமாக இருக்கின்றன. வேலையில் பட்டது.

நவம்பர் 21, வெள்ளி

இந்த வாரம் நான் பாலில் கொழுப்பு அளக்கும் மேசையில். வேலையில் நீலப் புட்டி என் பக்கமே வரவில்லை.

வேறு எங்காவது பட்டிருக்கும்.

ஸ்பிரிட் போட்டுத் தேய்த்தேன். தோல் சிவந்தது. நீலம் அப்படியே இருந்தது.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று வார்டனிடம் நான் சொல்லாதது: என் அட்டவணை. இந்த மாத முதல் வாரம் நான் பகல் ஷிப்ட் போனபோதும் பாவாயக்கா பகல் முழுக்க இந்த வீட்டில்தான் இருந்தார். ஒன்றும் காணாமல் போகவில்லை. அந்த ஒரு வரியைச் சொன்னாலே போதும், அவர் மீதான சந்தேகம் விழுந்துவிடும். சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

"ஒண்ணும் கெடைக்கலயா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"கையில என்ன?"

"லேப்ல பட்டது."

"செரி. நான் முடிவு பண்ணீட்டேன். முப்பதாந் தேதி பாவாயி கணக்க முடிச்சு அனுப்பிரலாம். ஏன் மத்தியானம் ஊட்டுக்குப் போறதில்லைன்னு மூணு வாட்டி கேட்டுப்போட்டேன், வாயே தொறக்க மாட்டீங்கறா."

மேலே அறைக்கு வந்து நாவலை எடுத்தேன். ஒரு பக்கம் கூட ஓடவில்லை. வேறு எதையோ எழுத உட்கார்ந்தேன், இது வருகிறது: போன வருடம் ஆவணியில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், காபி டம்ளரை வைத்துவிட்டு, "பொண்ணு நல்லா பூசினாப்ல இருக்கா" என்றார். அவ்வளவுதான். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. அது என்னைப் பாதிக்கவும் இல்லை. அந்த அம்மாள் கட்டியிருந்தது மாம்பழ நிறப் புடவை, அரக்குக் கரை. இடது கையில் ஆறு வளையல்.

நவம்பர் 25, செவ்வாய்

ஆய்வகத்திலிருந்து காகிதச் சீல் ஒன்று கேட்டு வாங்கி வந்தேன். ஒருமுறை கிழிந்தால் மறுபடி ஒட்டாது. காலை 8.20க்குப் படுக்கும் முன், அறைக்கதவுக்கும் நிலைக்கும் குறுக்கே, உள்பக்கமாக ஒட்டினேன். எண் 4471. கையெழுத்துப் போட்டேன், நேரம் எழுதினேன்.

மூன்று மணிக்குக் கிழிந்திருந்தது. கதவைத் திறந்தால் மட்டும்தான் அது கிழியும். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

எங்கள் விதிப்படி, சீல் உடைந்த டேங்கரை என்ன காரணம் சொன்னாலும் உள்ளே விடமாட்டோம். டிரைவர்கள் எவ்வளவோ கதை சொல்வார்கள். ஏழு மாதத்தில் ஒரு கதையைக்கூட நான் நம்பியதில்லை.

நவம்பர் 26, புதன்

காலையில் வந்து படுக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போனேன். பாவாயக்கா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மத்தியானம் ஏன் வீட்டுக்குப் போறதில்ல?"

"அத்தன தூரம் மெனக்கெட்டு எதுக்குக் கண்ணு."

"முன்னாடி போனீங்களே."

"முன்னாடி காலு நல்லாருந்துச்சு."

என் வலது கையை மேடைமேல் வைத்தேன். மூன்று விரல்கள், இன்னும் நீலம்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். என் விரல்களைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். வெங்காயத்தால் ஏற்கெனவே கண்ணில் தண்ணீர். முந்தானையால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"கண்டுபுடிச்சுட்டயா? நெம்ப நாளாச்சு போ! லேப்ல என்னத்தத்தான் படிச்சயோ!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழவேண்டிய இடம் என்று தெரிந்தும் சிரித்தேன்.

"எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?"

"தீவாளிக்கு முந்தி. ஊட்டுக்குப் போவ செருப்ப மாட்டறேன், நீ படியில எறங்கி வர்றே. என்ன கண்ணு தூக்கம் வரலயான்னு கேக்கறேன், பதிலே இல்ல. கண்ணு தொறந்திருக்குது, பார்வை செவுத்துல இருக்குது. நேரா போயி சத்துமாவ எடுத்தே. ஊறுகாயப் போட்டே. பெசஞ்சு, நின்னமேனிக்கே தின்னே. தின்னுபோட்டு, கைய என்ற முந்தானையில தொடச்சுட்டு மேல போயிட்டே."

"உங்க முந்தானையிலயா?"

"ஆமா. புதுச்சீலை."

"எழுப்பியிருக்கலாமே அக்கா."

"தூக்கத்துல நடக்கறவங்கள எழுப்பக் கூடாதும்பாங்க." கத்தியை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தார். "அதுவுமில்லாம, ஏழு மாசமா உனக்குத் தட்டு வெக்கறேன். ரெண்டு வாயி, மூடி வெச்சுட்டுப் போயர்றே. முழிச்சிருந்தா திங்க மாட்டீங்கறே. சரி, தூக்கத்துலயாச்சும் தின்னட்டும்னு உட்டுப்போட்டேன். ஊறுகாய முன்னாடியே நகத்தி வெப்பேன், நீ தேடக்கூடாதுன்னு."

ஒரு வெங்காயத்தை எடுத்து நானும் உரித்தேன்.

"அப்போ வீட்டுக்குப் போகாம இருந்தது?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "தீவாளிக்கு எல்லாரும் ஊருக்குப் போயிட்டாங்க. நீயி ஒருத்திதான் டூட்டின்னு இருந்தே. அதுக்கு மறாநாளு மூணு மணிக்கு வந்து பாக்கறேன், அடுப்பு எரிஞ்சுட்டிருக்குது. மேல வெறும் வாணலி, செவசெவன்னு. நீயி மேல தூங்கிட்டிருக்கறே. நாஞ் சித்த முன்னப்பின்ன வந்திருந்தா என்னாயிருக்கும்? அன்னிலிருந்து போறதில்ல. உன்ற பின்னாலயே வந்து நிப்பேன். நீ தின்னுட்டுப் போனதும் சிலிண்டர மூடுவேன்."

"இத வார்டன்கிட்ட சொல்லியிருந்தா உங்க மேல பழி வந்திருக்காதே."

"சொன்னா உன்ன என்ன சொல்லுவாங்க? கண்ணாலமாகாத புள்ள, தூக்கத்துல எந்திரிச்சுத் திரியறான்னு ஊரெல்லாம் பேசறதுக்கா?"

"முப்பதாந் தேதி உங்கள அனுப்பிடுவாங்க அக்கா."

"தெரியும். அதுக்குள்ள நீ கண்டுபுடிச்சுருவேன்னு நெனச்சேன். நீதான் ரேகை பாக்கறேன்னு வந்து என்ற கையப் பாத்தே."

கிரைண்டரைப் போட்டுவிட்டு அதனிடம் ஏதோ சொன்னார். என்னைப் பற்றித்தான்.

நவம்பர் 27, வியாழன்

தூங்காமல் பண்ணை மருத்துவ அறைக்குப் போனேன். டாக்டர் மெஹருன்னிசா என்னைப் பார்த்ததும் என் பழைய படிவத்தைத் தேடி எடுத்தார்.

"மூணு டிக்கையும் அடிச்சுடலாமா?"

"அடிச்சுடுங்க டாக்டர்."

எல்லாம் சொன்னேன். ஊறுகாய், எறும்பு, சாயம், சீல், அடுப்பு. அடுப்பு வந்தபோது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். தூங்க மாத்திரை போடுகிறேனா என்றார், இல்லை. சின்ன வயதில் தூக்கத்தில் நடந்திருக்கிறேனா என்றார், தெரியவில்லை. அங்கிருந்தே அம்மாவுக்கு போன் போட்டேன். "ஏன், இப்பவும் நடக்குறியா?" என்றாள் அம்மா. எனக்கு ஐந்து வயதில் அப்பா வாசல் கதவில் மாட்டு மணி கட்டி வைத்திருந்தாராம். இருபத்தொரு வருடமாக இதை ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

டாக்டர் மேசைக் கடிகாரத்தைத் தூக்கி என் முன்னால் வைத்தார். "மூளையில இப்படி ஒண்ணு இருக்கு. வயித்துக்கு, ஈரலுக்கு எல்லாம் தனித்தனியா ஒவ்வொண்ணு. சாதாரணமா எல்லாம் ஒரே நேரம் காட்டும். நீங்க மூணு வாரத்துக்கு ஒருக்கா திருப்பி வச்சா, ஒவ்வொண்ணும் ஒரு நேரம் காட்டும். தூக்கம் அரைகுறையாகும். அது மேல முழிச்சிருக்கிற நேரமெல்லாம் பட்டினி. உடம்பு எத்தனை நாள் கேட்டுட்டே இருக்கும்? நீங்க பாதி தூங்குற நேரம் பாத்து அதுவே எழுந்து போயிடுச்சு."

"நான் பட்டினி இருக்கேன்னு யாரு சொன்னது? எனக்குப் பசிக்கிறதில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. டாக்டர் என் நீல விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மாம்பழ நிறப் புடவையைப் பற்றிச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

கோயம்புத்தூரில் தூக்கத்துக்கான டாக்டர் ஒருவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதற்கு இன்னொருவரிடம் வாரம் ஒரு நாள் போகவேண்டும். மூன்று மாதம் எனக்குப் பகல் ஷிப்ட் மட்டும் கொடுக்கச் சொல்லி மேனேஜருக்குக் கடிதம். அதுவரை படுக்கும் முன் ஏதாவது சாப்பிட வேண்டும், சிலிண்டரை மூடி வைக்க வேண்டும். "சரியாகும், ஆனா நாளாகும்," என்றார். "நடுவுல திரும்ப வரும். வந்தா வந்து சொல்லுங்க, டிக் போடாதீங்க."

விடுதிக்கு வந்து, படுக்கும் முன், ஒரு முழுத் தோசை சாப்பிட்டேன். இருபது நிமிடம் ஆனது. கடைசித் துண்டில் கண்ணில் தண்ணீர் வந்தது. காரச் சட்னி என்று பாவாயக்காவிடம் சொன்னேன். "அது தேங்காச் சட்னி கண்ணு," என்றார்.

நவம்பர் 30, ஞாயிறு

கூட்டம் ஐந்து மணிக்கு. என்னுடைய எந்த விஷயத்தையும் நான் இதுவரை பதினாறு பேர் முன்னால் பேசியதில்லை. எழுதி வைத்துப் படிக்கலாம் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அங்கே போனதும் தாளைத் திறக்கவில்லை.

"மேடம், கண்டுபிடிச்சுட்டேன்," என்றேன்.

"யாரு?"

கையைத் தூக்கிக் காட்டினேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. டின் மூடியில் சாயம் தடவியது தெரிந்த ஜெசிக்குத்தான் புரிந்தது. நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எட்டி! நீயா! நாப்பதுல பத்தொம்பது நீயா தின்ன?"

"தூக்கத்துல தின்னிருக்கேன் ஜெசி. எனக்கே தெரியாது."

"எங்கம்ம முந்திரிக்கொத்த தூங்கிக்கிட்டா தின்னு தீத்த? ருசிகூடத் தெரியாமயா? பாவி! முழிச்சிருந்து கேட்டா நான் தரமாட்டேனாட்டி?"

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். ஊறுகாயும் சத்துமாவும் எப்படி இருந்தது என்று ஒருத்தி கேட்டாள். வார்டன் மட்டும் சிரிக்கவில்லை. "துப்பறியச் சொன்னவளே திருடியா," என்றார்.

"ஆமா மேடம். இன்னொண்ணும் இருக்கு. எனக்கு மொதல்லயே சந்தேகம் வந்துச்சு. அட்டவணையில தெரிஞ்சுது. பாவாயக்கா இல்லைன்னும் தெரிஞ்சுது. போன ஞாயித்துக்கிழமை நீங்க கேட்டப்போ சொல்லாம இருந்துட்டேன். அவங்க வேலை போகும்னு தெரிஞ்சே சொல்லல."

இந்த இடத்தில் சிரிப்பு நின்றது. இதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது, மற்றதெல்லாம் சுலபம். மத்தியானம் பாவாயக்கா ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்பதையும் சொன்னேன், வாணலியையும் சொன்னேன். பூங்கோதை மேடம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"பாவாயி, இத வந்து சொல்றதுக்கு என்னொ?"

"நீங்க திருடியான்னு கேட்டீங்க. நான் இல்லீங்னு சொன்னேன். அதுக்கு மேல சொன்னா இந்தப் புள்ள பேரு கெடுமுங்."

மேடம் எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றார். மெதுவாக ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. பாவாயக்கா கையை வீசி, "அட உடுங் மேடம்" என்றது மட்டும் கேட்டது.

நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாயைத் திறப்பதற்குள், "அந்தச் சீலைய மட்டும் தொவச்சுக் குடுத்துரு கண்ணு, ஊறுகாக் கறை போகவே மாட்டீங்குது," என்றார்.

டிசம்பர் 2, செவ்வாய்

பகல் ஷிப்ட். புடவையை மூன்று முறை துவைத்தேன். கறை வெளுத்திருக்கிறது, போகவில்லை.

காலையில் மூன்று இட்லி. மூன்றாவதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 11, வியாழன்

இரவு சீல் கிழிந்திருக்கிறது. கதவில் ஜெசி கட்டிய கிறிஸ்துமஸ் மணியும் அடித்திருக்கிறது. அவள் எழுந்து, என் பின்னாலேயே படியிறங்கி வந்தாளாம். "நீ ஒரு வாழைப்பழத்த உரிச்சு, தோல எங்கையில தந்துட்டு, பழத்தோட மேல போயிட்ட," என்றாள். டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். வெட்கமாக இருந்தது, ஆனால் சொன்னேன்.

டிசம்பர் 17, புதன்

ருஷ்ய நாவலை முடித்துவிட்டேன். கடைசி நூறு பக்கங்களில் கோடு போட மறந்துவிட்டேன். அதிலும் ஒரு விருந்து வந்தது.

விரலில் நீலம் முழுக்கப் போய்விட்டது.

டிசம்பர் 29, திங்கள்

ஜெசி ஊரிலிருந்து திரும்பி வந்தாள். புது டின், எண்ணிக்கை நாற்பது. மாலை ஏழே காலுக்கு சாப்பாட்டு அறையில் எல்லோரோடும் உட்கார்ந்து இரண்டு சாப்பிட்டேன். பாவாயக்கா இன்று பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய், முன்பு போல மூன்றரைக்குத்தான் திரும்பி வந்தார்.